ஏழு வெட்டு

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
2 ஜூன் 2025

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். "நீ கத்துவே, எதுவானாலும் எழுதி பஸ்ல குடுத்தனுப்பு" என்று தீபாவளிக்குச் சொன்னாய். சரி, எழுதுகிறேன். ஆனால் இதிலும் கத்தத்தான் போகிறேன்.

உன் அலமாரி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்க நாலு பேர். கதவில் அத்தான் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "தம்பி, பழைய பெயிண்டை முழுதும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசவும். அவசரமில்லை. நன்றாகப் பார்த்துச் செய்யவும்." நன்றாகவே பார்த்தேன்.

இந்த அலமாரியின் ஒவ்வொரு பூச்சும் எனக்குத் தெரியும். மாற்றலாகி மெயின்லேண்ட் போன டாக்டர், படாக் மரத்தைக் கப்பலில் ஏற்ற பர்மிட் கிடைக்காமல் இங்கேயே விட்டுப் போனது. மூன்று வருடம் முன்னால் இதே முன்னறையில் நான்தான் சுரண்டி, தேய்த்து, சீலர் அடித்தேன். தேன் நிறத்தில் நின்றது. நீ "க்ரீம் கலர்தான் வேணும், பெட்ரூம் இருட்டா இருக்கு" என்று அடம்பிடித்தாய். படாக் மேல் க்ரீம் எனாமல் பூசுகிறவனை உதைக்க வேண்டும். உனக்காகப் பூசினேன். அன்றைக்குக் கதவில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இப்போது க்ரீமுக்கு மேல் யாரோ ப்ரவுன் அடித்திருக்கிறார்கள். தேய்க்காமல், துடைக்காமல், அவசர அவசரமாக. பிரஷ் மயிர் நாலு அப்படியே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. ஹீட் கன் வைத்ததும் தோல் உரிவதுபோல் வந்துவிட்டது. அடியில் ஓட்டை அடைக்கிற பட்டி. பட்டியை உளியால் கிளறினேன். அடியில் வெட்டு.

ஏழு வெட்டு, அக்கா. தரையிலிருந்து 112 சென்டிமீட்டர் தொடங்கி 140 வரை. மிக ஆழமானது 14 மில்லிமீட்டர், கதவின் கனமே 18தான். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது. க்ரீம் பெயிண்ட் துணுக்கு வெட்டுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. ஆகவே நான் பூசிக் கொடுத்த பிறகு, வெட்டுக்கத்தியால், முழு பலத்தோடு போட்டது.

உள்ளே இரண்டு தட்டு காணோம். தட்டைத் தாங்கும் கட்டை முறிந்திருக்கிறது, ஒரு ஆள் முதுகு மோதி உட்கார்ந்ததுபோல. கதவின் உள்பக்கம் நகம் பிறாண்டிய தடம். அதில் காய்ந்த ரத்தம்.

நீ உள்ளே ஒளிந்திருந்தாய். உன்னைக் கட்டிய அந்த ஆள் வெளியே கத்தியோடு நின்றான். ஆமாவா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

கவரில் நாலு சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன். கண்டக்டர் பழனியாண்டி பார்த்துவிட்டு, "க்யா பாய், அக்காவுக்குப் போற லெட்டரா இது, வெடிகுண்டா?" என்கிறான். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுரேந்தர்

*

மாயாபந்தர்
5 ஜூன்

சுரேன்,

உன் லெட்டர் கிடைத்தது. பழனியாண்டி கொடுக்கும்போது சௌமியா பக்கத்தில் இருந்தாள். "மாமா சாக்லேட் அனுப்பிருக்கா?" என்று கேட்டாள். மாமா அனுப்பியது என்னவென்று அவளிடம் எப்படிச் சொல்ல?

ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு சாமான் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். போன வருடம் குவார்ட்டர்ஸ் மாறினோமே, அப்போது லாரியில் தகரம் உரசியது. தட்டு இரண்டும் கரையான். ரத்தம் என்கிறாய், துருவாக இருக்கும். கையில் ஸ்கேல் இருக்கிறது என்பதற்காகக் குடும்பத்தையெல்லாம் அளக்காதே.

அவர் அதை உனக்கு அனுப்பினது எனக்குத் தெரியவே தெரியாது. ரங்கத் ஊரில் தங்கம்மா மகள் கல்யாணத்துக்கு நானும் பாப்பாவும் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் சுவர் ஓரம் காலி. "எங்க?"ன்னு கேட்டா, "பெயிண்ட் அடிக்க"ன்னு சொல்லிவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார். நல்லாத்தானே இருந்தது, யார் கேட்டார்கள் பெயிண்ட்?

இனிமேல் சுரண்டாதே. மேலே ஒரு கோட் அடித்து அனுப்பு. உன் ப்ரவுனோ கருப்போ, எதுவானாலும் சரி.

இங்கே வராதே. மழை. ரோடு சரியில்லை.

வைஜெயந்தி

பி.கு. நீ சாப்பிடுகிறாயா? தின்னர் வாசத்தில் படுக்காதே, ஜன்னலைத் திற.

*

போர்ட் பிளேர்
8 ஜூன்

அக்கா,

லாரித் தகரம் ஏழு தடவை, ஒரே கோணத்தில், ஒரே கதவில் உரசியதா? நான் டிப்ளமா மெக்கானிக்கல். கப்பல் பட்டறையில் ஒன்றரை வருடம் உடைந்த இரும்பைப் பார்த்து எங்கே, எதனால் உடைந்தது என்று எழுதிக்கொடுத்தவன். எனக்குப் பொய் சொல்லலாம், மரத்துக்குச் சொல்ல முடியாது.

பட்டி ரோஸ் கலர். ஹார்டனர் கலந்து போடுகிற பட்டி. அந்த டப்பாவைப் பொங்கலுக்கு நான்தான் உனக்குக் கொடுத்தேன், நாற்காலிக் கால் ஆடுகிறது என்றாய். நாற்காலிக்கு ஒரு ஸ்பூன் போதும். மீதி எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

நேற்று அந்த ஆளுக்கு ஆபீஸ் நம்பரில் போன் போட்டேன். நான் பேசியதையும் அவன் பேசியதையும் அப்படியே எழுதுகிறேன்.

"கதவுல என்ன?"

ஃபேன் ஓடுகிறது கேட்டது.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"எல்லாம் பாத்தியா? உள்பக்கம்?"

"பாத்தேன்யா."

"சரி" என்றான். "சரிப்பா." வைத்துவிட்டான்.

என்ன திமிர் அக்கா! பார்த்துக்கோ, உன்னால் என்ன செய்ய முடியும் என்கிறான். எட்டு வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்று நடித்தவன். வேளாண் ஆபீஸ் கிளார்க்குக்கு வெட்டுக்கத்தி எதற்கு?

போனை வைத்ததும் கையில் கிடைத்த நாற்காலியைத் தரையில் அடித்தேன். யாரோ ஒரு ஜட்ஜ் வீட்டு நாற்காலி, பாலிஷ் முடிந்து நாளைக்குக் கொடுக்க வேண்டியது. முதுகு பிளந்தது, ஒரு கால் கையோடு வந்தது. நல்ல படாக், ஒன்றே கால் கிலோ இருக்கும். பிடிக்க வாகாக இருக்கிறது.

நாளைக்குக் காட்டு ரோட்டில் காவலோடு விடுகிற முதல் கான்வாயில் வருகிறேன்.

சுரேந்தர்

*

மாயாபந்தர்
13 ஜூன்

டேய்,

மனுஷனா நீ?

திங்கட்கிழமை மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று எழுந்தார். எச்சில் கையோடு எழுந்தார்டா. "கத்தி எங்கய்யா?" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அடித்துவிட்டாய். முதல் அடியிலேயே முறிந்த சத்தம் சமையல்கட்டு வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நீ நிறுத்தினாயா? விழுந்தவரை அடித்தாய். சாதத் தட்டில் அவர் பல் கிடந்தது. ரெண்டு பல். நான் பொறுக்கினேன்.

சௌமியா அலமாரி இருந்த சுவரோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். கத்தவில்லை. பங்கஜத்தக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அரே பையா, விடு! செத்துருவாரு!" என்று கத்தித்தான் உன் கை நின்றது. கட்டையைப் போட்டுவிட்டு, ஏதோ ஜெயித்தவன் மாதிரி என்னைப் பார்த்து, "கெளம்பு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றாய். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தாயா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. "ஆபீஸ் படியில வழுக்கிட்டேன் டாக்டர்" என்றார். வாய் முழுக்க ரத்தத்தோடு, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். பங்கஜத்தக்காவிடமும் போலீஸ் வேண்டாம் என்று கைகூப்பினார், ஒரு கையால்.

வலது முன்கையில் ரெண்டு எலும்பும் போச்சு. பிளேட் வைக்க வேண்டுமாம், அங்கே போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தனியாகத்தான் போனார். பாப்பாவுக்கு ஸ்கூல், நான் போகவில்லை.

நீ அந்தப் பக்கம் தலைகாட்டாதே. அவரிடம் எதுவும் கேட்காதே. புரிகிறதா? ஒன்றும் கேட்காதே.

வை.

*

போர்ட் பிளேர்
16 ஜூன்

அக்கா,

மன்னிப்பு கேட்கப்போவதில்லை. அடித்தது சரி. போலீஸுக்குப் போகவில்லை அல்லவா? நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் முறிந்த கையோடு நேரே ஸ்டேஷனுக்குப் போவான். படியில் விழுந்தேன் என்று அந்த ஆள் சொன்னதே எனக்குச் சாட்சி.

பாப்பா பார்த்தது மட்டும் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே வந்துவிடு. முன்னறையைக் காலி செய்கிறேன். பெயிண்ட் டப்பா எல்லாம் பின்பக்க ஷெட்டுக்கு. சௌமியாவை அபர்டீன் பஜார் பக்கம் ஸ்கூலில் சேர்க்கலாம். நீ எதற்குப் பயப்படுகிறாய்? அவனுக்கு இன்னும் மூன்று மாதம் கை தூக்க வராது.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலை ஓடாது. இன்று காலையில் ஒரு மேஜைக்கு லாக்கர் பாலிஷ் அடித்தேன், ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிட்டது. இந்த மழையில் அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? புத்தி அங்கே இல்லை.

நான் கட்டையை ஓங்கினதும் அந்த ஆள் கையைத் தூக்கி என்னைத் தடுக்கவில்லை. பிடுங்கவும் வரவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முட்டியை மடக்கினான். அடி வாங்கத் தெரிந்த ஆள். அப்பா பெல்ட்டை உருவும்போது நாம் இரண்டு பேரும் அப்படித்தான் திரும்புவோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளில் வருவதில்லை அது. வருடக்கணக்கில் பழக வேண்டும்.

அடிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

பதில் எழுது.

சுரேந்தர்

*

மாயாபந்தர்
20 ஜூன்

சுரேன்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை உடனே மடித்துக் கொடுத்துவிடப் போகிறேன், படித்துப் பார்க்க மாட்டேன்.

பெரிய இஞ்சினியர் மாதிரி அளந்தாயே. இடது மேலிருந்து வலது கீழ் என்று நீயேதான் எழுதினாய். வலது கைக்காரன் கத்தியை ஓங்கினால் அப்படியா விழும்? உன் அத்தானுக்கு வலது கை. இந்த லெட்டரை நான் எந்தக் கையால் எழுதுகிறேன்? இந்த இடது கையால் எழுதுகிறேன் என்பதற்காகத்தானே அப்பா என் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். நீதான் அளந்தாய், நீயே கணக்கை மறந்துவிட்டாய்.

உள்ளே இருந்தது அவர். வெளியே நான்.

ஜனவரி மாதம். மீன் குழம்பில் புளி தூக்கல் என்றார். அதுவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கு முன்னால் என்ன ஆச்சு, பின்னால் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டால் எனக்கே வரிசையாகத் தெரியவில்லை. குழம்பு அவர் தோளில் இருந்தது. அவர் ஓடினார். அலமாரியில் புகுந்து உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் கதவைச் சாத்தினதுதான் எனக்கு ஆகவில்லை. என்னை வெளியே வைத்துச் சாத்துவதா? பங்கஜத்தக்கா வீட்டில் தேங்காய் வெட்ட வாங்கின கத்தி மேடையில் இருந்தது. ஏழா? நான் எண்ணவில்லை. கை ஓய்ந்ததும் நிறுத்தினேன். உள்ளேயிருந்து, "வைஜி, பாப்பா முழிச்சிருக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் அவரே பட்டி போட்டார். அவரே ப்ரவுன் வாங்கி வந்து பூசினார். பிரஷ் மயிரைக்கூட எடுக்கத் தெரியாது அவருக்கு. பாவம்.

எட்டு வருடத்தில் எத்தனை தடவை என்று கேட்காதே. ஒவ்வொரு தடவையும் அழுவேன், காலைப் பிடிப்பேன். நிஜமாகத்தான் பிடிப்பேன், சுரேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டு மூன்று பேரும் கர்மாடாங் பீச்சுக்குப் போவோம். பிறகு ஒரு நாள் டீ ஆறிப்போயிருக்கும், இல்லை டவல் கட்டிலில் ஈரமாகக் கிடக்கும்.

நீ அவரை அடிக்கும்போது நான் ஏன் குறுக்கே வரவில்லை தெரியுமா? "நான்டா அது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாய். வாயில் வந்தது. சொல்லவில்லை. நீ என்னைக் காப்பாற்ற வந்தவன் மாதிரி நின்றாய். ஒருத்தர் எனக்காக நிற்கிறது எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் ரெண்டு பல் போனது.

இதெல்லாம் யாருக்கும் சொல்லாதே. ஆபரேஷன் முடிந்ததும் அவரை இங்கே அனுப்பிவை. இப்போது நான் சரியாகிவிட்டேன். பத்து நாளாக வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. சௌமியாவும் சமர்த்தாக இருக்கிறாள். நெற்றியில் மட்டும் ஒரு வீக்கம், வாசல்படியில் வழுக்கிவிட்டாள். ஒன்றுமில்லை.

அனுப்பிவை.

வைஜெயந்தி

*

போர்ட் பிளேர்
23 ஜூன்

அக்கா,

உன் வீட்டு வாசலில் ஒரே படி. நாலு அங்குல உயரம். அதில் விழுந்தால் முட்டி சிராய்க்கும். நெற்றி வீங்காது.

உன் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் அந்தக் கட்டையைத் தேடினேன். எதற்கென்று தெரியவில்லை, யாரை அடிக்கவென்றும் தெரியவில்லை. கட்டை உன் வீட்டில் கிடக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. என் வலது கையை வொர்க் பெஞ்சில் வைத்து இடது கையால் சுத்தியை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். அதுவும் அடிதானே. நம் வீட்டில் எதற்கும் அது ஒன்றுதான் மருந்து.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் என்னைப் பார்த்ததும் கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். பிளேட் வைத்த கையைத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நகர்வதை நிறுத்தினார்.

"அக்கா எழுதிருக்கா" என்றேன்.

"எல்லாம் எழுதிட்டாளா?"

"ம்."

"புளிக் கொழம்பு?"

"ம்."

சிரித்தார். முன்பல் இல்லாத சிரிப்பு. "நெசமாவே புளி தூக்கல்தான் தம்பி" என்றார்.

பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று. "என்னன்னு சொல்ல? பொண்டாட்டி அடிக்கிறான்னா? உங்க ஷெட்ல வந்து உக்காந்துகிட்டா? ரெண்டு தடவை வந்தேனே, நீங்க தேய்க்கிற மெஷின ஓட்டிக்கிட்டே, 'சீக்கிரம் சொல்லுங்க அத்தான், வேலை கெடக்கு'ன்னீங்க. அதான் அலமாரிய அனுப்பினேன். நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

அலமாரியை அவர் பெயிண்டுக்கு அனுப்பவில்லை. நான் படிப்பேன் என்று அனுப்பினார். போனில், "எல்லாம் பாத்தியா?" என்று கேட்டபோது அந்த மனிதர் பிழைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். "சரிப்பா" என்று அவர் சொன்னது நிம்மதியில். திங்கட்கிழமை நான் வந்தபோது கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று எச்சில் கையோடு எழுந்திருக்கிறார்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய முறிவு நாலு. இரண்டு விலா எலும்பு, ஒரு தோள், ஒரு விரல். யார் செய்தது என்றார். இப்போது முறிந்த கை மட்டும் நான் என்றேன்.

ஆனாலும் அவர் திரும்பி வரத் துடிக்கிறார், அது உனக்காக இல்லை. "பாப்பா தனியா இருக்கா தம்பி, நான் இருந்தா என்கிட்டயே முடிஞ்சிரும்" என்கிறார். இதைக் கேட்டுவிட்டு நான் நேரே டாக்டரிடம் திரும்பிப் போனேன். நெற்றி வீக்கத்தை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகவே கேள். வியாழக்கிழமை முதல் கான்வாயில் வருகிறேன். சௌமியாவைக் கூட்டிப்போகிறேன். என்னோடு இங்கே ஒரு மேடம் வருகிறார், குழந்தைகள் விஷயம் பார்க்கிறவர், டாக்டர் சொல்லி அனுப்புகிறார். நான் தனியாக வந்தால் நம் இரண்டு பேரையும் நம்ப முடியாது, அதனால்தான். நீ தடுத்தால் நான் கை ஓங்க மாட்டேன். மேடம் போலீஸைக் கூப்பிடுவார்.

பாப்பாவை அத்தானிடம் விட்டபிறகு ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான் அவரை அடித்ததை முழுதும் எழுதிக் கொடுப்பேன். ஏன் அடித்தேன் என்று கேட்பார்கள். உன் பெயரும் வரும். மறைக்க மாட்டேன். எனக்குக் கேஸ் வரும், பாஸ்போர்ட் போகும், கப்பல் வேலைக்கு விண்ணப்பித்தது போகும். போகட்டும்.

உன்னை வெறுக்கிறேனா என்று தெரியவில்லை. நேரமில்லை. பாப்பா துணியை எடுத்து வை.

சுரேந்தர்

*

மாயாபந்தர்
25 ஜூன், புதன்

சுரேன்,

இதைப் பங்கஜத்தக்கா உன் கையில் கொடுப்பார். நீ வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். படகுத் துறையில் இருப்பேன், ஓடிப்போக மாட்டேன். அந்த மேடத்துக்கு என்ன கேட்க வேண்டுமோ அங்கே வந்து கேட்கட்டும், சொல்லுகிறேன். ஸ்டேஷனில் என் பெயரை முதலில் எழுது, உன்னுடையதைப் பிறகு எழுது.

உன் லெட்டர் வந்த நிமிஷம் கிழித்துப் போட்டேன். உன்னை, அவரை, அந்த டாக்டரை, எல்லாரையும் திட்டினேன். சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். திரும்பிப் பார்த்தால் சௌமியா கட்டிலுக்கு அடியில் இருந்தாள். "என்னடி பண்றே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, படியில வழுக்கிட்டேன்" என்றாள். நான் அவளைத் தொடவே இல்லை, சுரேன். தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

உடனே பங்கஜத்தக்காவைக் கூப்பிட்டு அவளைக் கொடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து அங்கேதான் தூங்குகிறாள். அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர், "எனக்குத் தெரியும்மா" என்றார். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை.

பையில் துணி ஆறு செட், ஸ்கூல் புத்தகம், காய்ச்சல் மருந்து இருக்கிறது. பாராடாங் ஃபெர்ரியில் அவளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். நெற்றி வீக்கம் சீப்பால் அடித்தது. டாக்டரிடம் சீப்பு என்றே சொல்.

காலையில் தலை பின்னி விடச் சொல்லி வேலி வரைக்கும் வந்தாள். பழக்கம். அக்காவைப் பின்னச் சொன்னேன். இப்போது முடியைப் பிடித்தால் என் கை இறுகிவிடுகிறது.

வைஜெயந்தி